திரையில் படிந்த சுவர்

அத்தியாயம் 6

கிரேவன்ஹில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் மலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகும் அறையில், ஒன்பது குழந்தைகள் பாயில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவியில் ஒன்றும் ஓடவில்லை. பாட்டில்லை, பொம்மைப் படமில்லை. பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெரிய திரை முழுக்க வெறும் வெள்ளை. ஒரு குட்டிப் பெண் மட்டும் இன்னும் நம்பிக்கையை விடாமல் வாயில் விரலோடு காத்திருந்தாள்.

"நல்ல படம்க்கா," என்றான் லோஜன், வாசலில் செருப்பைக் கழற்றியபடி. "வில்லன் மட்டும் இன்னும் வரல்ல போல."

நிஷாந்தி சிரிக்கவில்லை. லோஜனின் மூன்று சக்கர வண்டியில் வட்டகொடையிலிருந்து மேலே ஏறி வந்த வழியெல்லாம் அவள் மனதில் நேற்றுக் கேட்ட விஷயம்தான் ஓடியது.

ஹட்டனில் ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் 'தனியார் விசாரணை' என்று அவள் பலகை மாட்டி ஐந்து வருடமாகிறது. அதற்கு முன் ஒன்பது வருடம் பொலிஸ் உத்தியோகம். கள்ள உறுதி எழுதிய காணி, ஓடிப்போன புருஷன், பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையின் யோக்கியதை என்று எல்லாக் கழிசடையையும் பார்த்துப் பழகிவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். நேற்று மத்தியானம் மாடிப்படி ஏறி வந்த மீனம்மா வாயைத் திறந்ததும் அந்த நினைப்புப் போய்விட்டது.

மீனம்மா இந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். புருஷன் இல்லை. ஒரே மகள் தனுஷிகா, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஆறாம் நம்பர் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, கீழே ஒரு பீலி இருக்கிறது. மலைத் தண்ணீர் குழாய் வழியே கொட்டும் இடம். மூன்று லயத்துப் பெண்களும் குளிப்பது அங்கேதான். எட்டு மாதத்துக்கு முன், கொழுந்துத் திருட்டைத் தடுக்கிறோம் என்று சொல்லி, தோட்ட நிர்வாகம் மூன்று இடத்தில் காமரா மாட்டியது. அதில் ஒன்று லயத்து முடக்கிலிருந்த கம்பத்தில். போன திங்கட்கிழமை பீலியில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்த மீனம்மா தற்செயலாக அண்ணாந்து பார்த்தாள். காமராவின் கண் ரோட்டைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஈரச் சேலையோடு போய் அலவாங்குக் கம்பியை எடுத்து வந்து, காமராவை ஆணியோடு பெயர்த்துக் கீழே போட்டு நொறுக்கிவிட்டாள். நொறுக்கியது நியாயம்தான். ஆனால் அது எந்தப் பக்கம் பார்த்தது என்பதற்கான சாட்சியும் அதோடு நொறுங்கிவிட்டது. காமரா கொழுந்து நிறுக்கும் மடுவத்து ரோட்டைத்தான் பார்த்தது என்கிறது நிர்வாகம். பதிவாகும் பெட்டியைக் கேட்டால், இடி விழுந்து கருகிவிட்டதாம். இன்றைக்கு இரண்டு மணிக்கு விசாரணை. மீனம்மா சொல்வதை நிரூபிக்காவிட்டால் வேலை போகும். வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும். பொலிஸ் வழக்கு வேறு. தனுஷிகா திங்கட்கிழமையிலிருந்து கதவுக்கு வெளியே கால் வைக்கவில்லை.

இப்போது நேரம் பதினொன்று. கையில் இருந்தது ஒரே ஒரு துரும்பு. காலையில் தோட்ட ஆபீசுக்குப் போனபோது, சுவரில் இருந்த குட்டி டிவியைப் பார்த்து லோஜன்தான் கேட்டான்: "இத்தனூண்டு டிவிக்கு இவ்வளவு பெரிய நாலு போல்ட் ஓட்டை எதுக்குங்க?" பழைய பெரிய டிவி செவ்வாய்க்கிழமை, அதாவது காமரா உடைந்த மறுநாள், பிள்ளைக் காம்பராவுக்குப் போய்விட்டதாக அங்கிருந்த ஒருவர் வாய் தவறிச் சொன்னார். லோஜன் வண்டி ஓட்டுவதற்கு முன்னால் கினிகத்தேனையில் ஏழு வருடம் டிவி திருத்தியவன். அதைக் கேட்டதும் அவன் காது விடைத்துக்கொண்டது.

"வாங்கம்மா, யாரத் தேடி வந்திருக்கீங்க?" என்று சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தாள் ஆயம்மா அம்மாக்கண்ணு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். ஐம்பதைத் தாண்டியிருந்தாலும் நடையில் கொழுந்து மலை ஏறி இறங்கிய திடம் இருந்தது.

"டிவி பாக்கத்தாங்க வந்தோம்," என்றாள் நிஷாந்தி. "மீனம்மா அனுப்பினாங்க."

மீனம்மா பேரைக் கேட்டதும் அம்மாக்கண்ணு வெளியே எட்டிப் பார்த்தாள். வண்டிக்குள் மீனம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"பாவம் அந்தப் பொம்பள," என்று அம்மாக்கண்ணு குரலைத் தாழ்த்தினாள். "டிவி நம்ம கண்டாக்கையா குடுத்ததுங்க. தங்கமான மனுசன்."

தங்கமான மனுசன் என்பதற்கு டிவியே சாட்சி சொன்னது. அதன் மேல் சட்டத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது: 'உபயம்: க. கந்தப்பன், கண்டாக்டர், ஆலய பரிபாலன சபைத் தலைவர்.' தோட்டத்தில் கண்டாக்டர் என்றால் மலை வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். பெயின்ட் ஒழுகி 'தலைவர்' என்பதற்குக் கீழே ரெண்டு சொட்டு காய்ந்திருந்தது. கோயில் டியூப் லைட்டில் பேர் எழுதி வெளிச்சத்தை மறைக்கிற கூட்டம், டிவியை மட்டும் விட்டுவிடுமா என்று நிஷாந்தி நினைத்துக்கொண்டாள்.

"ஏன் ஆயம்மா, வெள்ளையா ஓடுது? படம் போட மாட்டீங்களா?"

"அத ஏன் கேக்குறீங்க! புள்ளைங்க அழுவுதுங்க. டிவிக்கு ஏதோ சீக்காம். கண்டாக்கையா ஒரு பென் டிரைவக் குடுத்து, ரெண்டு கெழமைக்கு காலையிலயிருந்து சாயங்காலம் வரைக்கும் இது மட்டுந்தான் ஓடணும், நிப்பாட்டவே கூடாதுன்னு சொல்லிட்டாரு. டிவிக்கு மருந்தாம்." அவள் திரையைக் காட்டினாள். "ஆனா மருந்து கேக்கல்லங்க. பாருங்க, அழுக்கு அப்பிடியே நிக்கிது. சவுக்காரம் போட்டுத் தொடச்சேன், மண்ணெண்ணெ போட்டுத் தொடச்சேன். போக மாட்டேங்குது."

லோஜனின் முகத்திலிருந்து குறும்பு மெல்ல வடிந்தது. திரைக்குக் கிட்டப் போய், பின்பக்கத்துச் சூட்டைத் தொட்டுப் பார்த்து, பக்கவாட்டில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"பிளாஸ்மாக்கா," என்றான். "டூரிஸ்ட் பங்களாவில கழிச்சுப் போட்ட பழைய சாமான். இப்பத்த டிவி மாதிரி இல்ல. ஒரே படத்த அசையாம ரொம்ப நாள் வச்சா, அது உள்ளுக்கே பதிஞ்சிரும். வேற படம் போட்டாலும் பழசு பின்னால நிக்கும்."

"பதியாம இருக்க?"

"வெளிச்சத்தக் கொறைக்கணும். படத்த மாத்திக்கிட்டே இருக்கணும். நின்ன படத்த விட்டுட்டு எழும்பிப் போகக் கூடாது. பதிஞ்சிட்டா, வெள்ளையப் போட்டு நாள்கணக்கா ஓடவுட்டா கொஞ்சங் கொஞ்சமா மங்கும். அதுதான் இந்த மருந்து." தாடையைச் சொறிந்தான். "டிவி தொழில்ல இருந்த எனக்கே இது ரெண்டாவது வருசந்தான் தெரிஞ்சிச்சி. தேயிலைக் கண்டாக்குக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு தெரியல்லயே."

ஒருவன் ஒரு டிவியைத் தருமம் செய்கிறான். சரி. அதற்கு இரண்டு வாரம் வெள்ளை பூசச் சொல்லியும் கொடுக்கிறான். அப்படியென்றால் அதில் என்ன பதிந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். நிஷாந்தி லோஜன் பக்கம் திரும்பினாள். "பென்னக் கழட்டு லோஜன்," என்றாள்.

பென்னைக் கழற்றி, ரிமோட்டில் ரெண்டு அழுத்து அழுத்தினான். வெள்ளை போய், எந்த இணைப்பும் இல்லாத வெறும் நீலம் வந்தது. அம்மாக்கண்ணு சவுக்காரம் போட்டுத் தேய்த்த அழுக்கு இப்போது வடிவம் எடுத்தது. ஒரு சுவர், அதன் வலது மூலை உடைந்திருந்தது. சுவரிலிருந்து வளைந்து நீட்டிய ஒரு குழாய். குழாய்க்குக் கீழே சரிந்து கிடந்த ஒரு கல். காமராப் படத்தை நாலு கட்டமாகப் பிரித்துப் பார்ப்பதுதான் வழக்கம். இதில் கட்டமே இல்லை. இந்த ஒரு காட்சியைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துப் பார்த்திருக்கிறான் ஒருவன்.

அம்மாக்கண்ணு திரைக்குக் கிட்ட வந்தாள்.

"இது எங்க பீலி," என்றாள். "அது நான் துணி தொவைக்கிற கல்லு."

அடுத்த நொடி ஒரு குழந்தையின் போர்வையை இழுத்து டிவி மேல் எறிந்தாள். "எந்திரிங்கடா! வெளிய போயி வெளையாடுங்க!" என்று குழந்தைகளை வாசலுக்கு விரட்டினாள். பிறகு மூலையில் போய் உட்கார்ந்து, சேலையை உடம்போடு இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். அந்த வயதான பெண் பட்டப்பகலில் தன்னைத் தானே மூடிக்கொண்டதைப் பார்த்ததும் நிஷாந்திக்கு அருவருப்புத் தாங்கவில்லை. சீ, இவனுகளும் சோறுதானே தின்கிறார்கள்!

"நாலு நாளா இதையா நான் புள்ளைங்களுக்குக் காட்டிக்கிட்டு இருந்தேன்?" என்று அம்மாக்கண்ணு முணுமுணுத்தாள்.

"ஆயம்மா, நீங்க எந்நேரம் குளிக்கப் போவீங்க?" என்று கேட்டாள் நிஷாந்தி.

"எல்லாரும் ஒரே நேரந்தாம்மா. அஞ்சு மணிக்கு கொழுந்து நிறுத்து முடிச்சதும் கோயில் பாட்டுப் போடுவாங்க. முக்கா மணித்தியாலம் ஓடும். ஆம்பளைங்க அந்நேரம் அந்தப் பக்கம் வரமாட்டாங்க. பாட்டு நிக்கிறதுக்குள்ள குளிச்சிட்டு ஏறிருவோம்."

வாசலில் நிழல் விழுந்தது. "அடடே, விருந்தாளிங்க வந்திருக்காங்க போல!" என்று ஒரு குரல்.

கந்தப்பனுக்கு நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், கையில் டொபிப் பொட்டலம். குழந்தைகளின் தலையைத் தடவித் தடவி ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். போர்வை போர்த்திய டிவியைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா தங்கச்சி?" என்றார். "நல்லது. நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல்ல."

"சொல்லுங்க."

"எல்லாம் சின்ன தொரை பிரதாப்போட வேல. கொழும்புல படிச்ச பொடியன், நல்லவன்னு நெனச்சேன். காலையில ஆறு மணிக்கு, பெரட்டுல ஆளுங்க கூடுறதுக்கு முந்தியே ஆபீசுக்கு வந்து கதவச் சாத்திக்குவாரு. அரை மணித்தியாலம். ஒரு நாள் எட்டிப் பாத்தேன், அய்யோ சாமி! நான் கண்டாக்கு, அவரு தொரை. எப்பிடிச் சொல்றது? மீனம்மா உடச்ச ஒடனே, அந்தச் சனியன அங்கயிருந்து எடுத்துட்டு வந்து, பதிஞ்சிருக்கிறத அழிச்சிரலாம்னு பாத்தேன். பொம்பளைங்க மானம் முக்கியம் இல்லீங்களா? எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

கேட்கக் கேட்க நிஷாந்தியின் மனம் இளகியது. உண்மையைச் சொன்னால், பாதி நம்பிவிட்டாள். வெளியூர்த் துரை, மூடிய கதவு, பயந்த உத்தியோகத்தர். எல்லாம் பொருந்தி வந்தது. "விசாரணையில இத அப்பிடியே சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"சாமி சத்தியமா!"

"இந்த வருசம் கோயில் கொடியேத்தத்துக்கு உங்களத்தான் தேர்ல ஏத்தணும்," என்றான் லோஜன், முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு.

கந்தப்பன் நெளிந்தார். "அதெல்லாம் எதுக்குத் தம்பி. நமக்கு கோயில் தொண்டு போதும். எட்டு மாசமா ஒரு நாள் தவறாம சாயங்காலப் பாட்ட நான்தான் போடுறேன். வேற யாரையும் தொடவுட மாட்டேன்."

நிஷாந்தி டிவியைப் பார்த்தாள். போர்வை ஒரு பக்கம் சரிந்து, திரையின் மேல் மூலை மட்டும் வெளியே தெரிந்தது. அங்கே ஏதோ எழுத்துப் போல் படிந்திருந்தது.

"லோஜன், அந்த மூலையில என்னா?"

"திகதியும் நேரமும்க்கா. காமராப் படத்துல எப்பவும் ஓடுமே, அது." கிட்டப் போய்க் குனிந்தான். "நிமிசம், செக்கன் எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா விழுந்து வெறும் கட்டியாப் போயிருக்கு. ஓடுற நம்பரு பதியாதில்லியா." அவன் குரல் நின்றது. விரலை மூலையில் வைத்தான். "மணி மட்டும் பளிச்சுன்னு நிக்கிது."

"எத்தனை?"

"ஒண்ணு, ஏழு. பதினேழு. காமரா மணி இருபத்துநாலுக் கணக்குல ஓடும். அப்பிடின்னா சாயங்காலம் அஞ்சு." நிமிர்ந்து கந்தப்பனைப் பார்த்தான். "எட்டு மாசத்துல இந்த டிவியில காமராப் படம் அந்த ஒரு மணித்தியாலம் மட்டுந்தாங்க ஓடியிருக்கு. காலையில ஆறு மணிக்கு யாராவது பாத்திருந்தா, ரெண்டு நம்பரும் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து கொழம்பியிருக்கும்."

"தொரை சாயங்காலமும் வந்திருப்பாரு," என்றார் கந்தப்பன் சட்டென்று.

மூலையிலிருந்து அம்மாக்கண்ணு பேசினாள். "அஞ்சு மணிக்கு தொரை மேல் டிவிசன் மடுவத்துல தராசுக்குப் பக்கத்துல நிப்பாருங்க. அங்க நிறுவைய முடிச்சுட்டு ஆறு மணிக்குத்தான் அந்தாளு எறங்குவாரு. அவரு ஏசுறத தெனமும் எம் மருமக கேக்குறா."

நிஷாந்தி ஜன்னல் வழியே பார்த்தாள். சவுக்கு மரத்தின் உச்சியில் கோயில் ஒலிபெருக்கி தெரிந்தது. அதிலிருந்து இறங்கிய வயர் கோயிலுக்குப் போகவில்லை. நேரே தோட்ட ஆபீஸ் கூரைக்குப் போனது.

"பாட்டுப் போடுற மெசின் எங்க இருக்கு கண்டாக்கையா?"

கந்தப்பனின் கை உருத்திராட்சத்துக்குப் போனது.

"கோயில்ல கரண்டு இல்லீங்க," என்றாள் அம்மாக்கண்ணு அவருக்குப் பதிலாக. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கும் விளங்கிவிட்டது. "மெசின் ஆபீசுல..." மெதுவாக எழுந்தாள். "பாட்டுக் கேட்டாத்தானே நாங்க குளிக்க எறங்குவோம். நீதானேடா பாட்டுப் போட்டே!"

ஆமாம். ஊரே கண்டாக்கையா கோயிலில் கைகூப்பி நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்த முக்கால் மணி நேரமும், அவன் ஆபீசைப் பூட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். சாமி பாட்டைப் போட்டுப் பெண்களைப் பீலிக்கு இறக்கிவிட்டுப் பார்த்திருக்கிறான். காலை என்று கதை சொன்னதும் அதனால்தான். சாயங்காலம் என்றால் பாட்டு அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். நிஷாந்தி பொலிஸில் இருந்த காலத்தில் கொலைகாரனோடு ஒரே வாகனத்தில் வந்திருக்கிறாள். அப்போதெல்லாம் கூட இப்படி அருவருத்ததில்லை. அந்த ஆள் தடவிக் கொடுத்த குழந்தைகளின் தலையையெல்லாம் கழுவிவிட வேண்டும் போலிருந்தது.

"பதியும்னு உனக்கு எப்ப தெரிஞ்சிச்சி?" என்று கேட்டாள்.

மரியாதை விட்டுப் போனதைக் கந்தப்பன் கவனித்தான். அவன் முகத்திலிருந்தும் பக்தி விட்டுப் போனது.

"போன மாசம் சாமி படம் போட்டப்ப பின்னால சுவரு தெரிஞ்சிச்சி," என்றான். "நெட்டுல தேடிப் பாத்தேன்."

"அப்ப ஒடச்சுப் போட்டிருக்கலாமே. ஒரு கல்லுல முடியிற வேல."

லோஜன் சட்டத்தில் இருந்த சிவப்புப் பெயின்டைத் தட்டிக் காட்டினான். "ஒடச்ச டிவியில பேரு எழுத முடியாதேக்கா. ஓசியில கெடச்ச சாமானுக்கு ஒரு உபயம் வாங்காம வுடுவாரா மனுசன்?"

கந்தப்பன் வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு, கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான். திருநீறு வாசனையும் வெற்றிலை வாசனையும் சேர்ந்து அடித்தது. நிஷாந்தி ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

"இங்க பாருங்க. கேஸ வாபஸ் வாங்க வைக்கிறேன். மீனம்மாவுக்கு வேலயும் இருக்கும், காம்பராவும் இருக்கும். ரெண்டு மணி விசாரணையே நடக்காது. டிவி இங்கயே இருக்கட்டும், வெள்ளை ஓடட்டும். இல்ல, தூக்கிட்டுத்தான் போவேன்னா போங்க. பெரிய தொரை, பொலிசு, அத்தனை ஆம்பளைங்க முன்னால போட்டுக் காட்டுங்க. யாருக்கு அசிங்கம்? எனக்கா? நாளைக்குத் தோட்டம் பூரா என்னா பேசும்? மீனம்மா மவ பேருந்தான் அடிபடும்."

அவன் சொன்னதில் அதுதான் ஆகக் கேவலமானது, ஏனென்றால் அது நடக்கக்கூடியது. செய்தவன் தலைநிமிர்ந்து நடப்பான், செய்யப்பட்டவள் முக்காடு போடுவாள். நிஷாந்தி பார்த்த வழக்குகளில் பாதி அப்படித்தான் முடிந்தன. இதற்கு அவள் சரி என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவள் வண்டிக்குள் இருந்தாள்.

இல்லை, வண்டிக்குள் இல்லை. வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கந்தப்பனை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"தம்பி," என்றாள் லோஜனிடம். "அதுல எம் புள்ள தெரியிறாளா?"

லோஜன் இந்த முறை கேலி எதுவும் பேசவில்லை. டிவிக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்று, நிதானமாகச் சொன்னான்.

"இல்லக்கா. அசையாத சாமான்தான் இதுல பதியும். நீங்க தண்ணி ஊத்துவீங்க, குனிவீங்க, நிமிருவீங்க, போயிருவீங்க. ஒரு நிமிசங்கூட ஒரே மாதிரி நிக்க மாட்டீங்க. அதனால நீங்க யாருமே இதுல இல்ல. ஒரு வெரல்கூட இல்ல. அசையாம நின்னது சுவரு, பைப்பு, கல்லு. அது மட்டுந்தான் இருக்கு. அதோட அந்தாளு குந்தியிருந்த மணி."

மீனம்மா உள்ளே வந்து போர்வையைத் தானே இழுத்தாள். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்து, அரிசியில் கல் பார்ப்பதுபோல் விரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். சுவர் முடிந்து குழாய் வந்தது. குழாய் முடிந்து கல் வந்தது. கல்லின் மேல் விரல் நின்றது. அங்கேதான் தனுஷிகா உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொள்வாள். வெறும் கல்தான் இருந்தது. கீழ் ஓரம் வரை பார்த்து முடித்ததும் நீளமாக மூச்சு விட்டாள்.

"தூக்குங்க தம்பி," என்றாள்.

முப்பது கிலோவுக்கு மேல் கனம். லோஜன் ஒரு பக்கம், மீனம்மாவும் அம்மாக்கண்ணுவும் மறு பக்கம். கந்தப்பன் குறுக்கே வரப் பார்த்தான். அம்மாக்கண்ணு நிற்காமல் நடந்தபடியே, "வழிய வுடுறா," என்றாள். அவன் விட்டான்.

இரண்டு மணிக்கு, தோட்ட ஆபீசில், அந்த டிவி தன் பழைய நாலு ஓட்டைக்குக் கீழேயே மேசையில் நின்றது. தோட்டத்து மேனேஜரான பெரிய துரை, அவருக்கு அடுத்த சின்ன துரை பிரதாப், பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர். கந்தப்பனையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். லோஜன் நீலத்தைப் போட்டான்.

"மே மொகக்த?" இது என்ன என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

நிஷாந்தியும் சிங்களத்திலேயே சொன்னாள். காலையில் கைப்பேசியில் எடுத்திருந்த பீலியின் படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். அதே உடைந்த மூலை, அதே வளைந்த குழாய், அதே சரிந்த கல். பிறகு மூலையில் இருந்த பதினேழைக் காட்டினாள். பாட்டு மெசினைக் காட்டினாள். அது பக்கத்து அலுமாரியிலேயே இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீஸ் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டபோது, பிரதாப் திரும்பிக் கந்தப்பனைப் பார்த்தார். அவருடைய இளம் முகத்தில், வாயில் எதையோ போட்டுவிட்டுத் துப்ப இடம் தேடுபவரின் களை இருந்தது.

இடி விழுந்த பெட்டி எங்கே என்று சார்ஜன்ட் கேட்டார். இரண்டாம் முறை கேட்டபோது, "வீட்டுல," என்றான் கந்தப்பன். சார்ஜன்ட் அவனுடைய கைப்பேசியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பெட்டியை எடுக்க அவனையும் ஏற்றிக்கொண்டு போனார். வெளியே ஜீப் கிளம்பிய சத்தம் கேட்டது.

பெரிய துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் திரையைப் பார்க்கவில்லை.

"முறைப்பாட்ட நாங்க வாபஸ் வாங்குறோம்," என்றார் மேசையைப் பார்த்தபடி. "மீனம்மா நாளைக்கே வேலைக்கு வரலாம். காம்பராவுல யாரும் கை வைக்க மாட்டாங்க. நடந்ததுக்கு..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. "சரி. அத நிப்பாட்டுங்க. பாக்க முடியல்ல."

லோஜன் ரிமோட்டை எடுத்தான். மீனம்மா அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"இப்ப நிப்பாட்ட வேணாங்க தொரை," என்றாள். "மலையில நிக்கிற பொம்பளைங்க எறங்கி வரட்டும். எம் மவளையும் கூட்டிக்கிட்டு வாறேன். நாங்க யாரும் இதுல இல்லன்னு அவங்களும் ஒருக்கா கிட்ட நின்னு பாத்துக்கிரட்டும்."